அரை வயிறும் ஒரு கிளாஸ் சாராயமும்

ஆபரேஷன் வார்டில் ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு ஊர்க்காரர்களை முகத்தை வைத்துத் தெரியாது, வயிற்றை வைத்துத்தான் தெரியும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால், அவர் சட்டையைத் தூக்கிக் காட்டும்வரை ஆள் யாரென்று எனக்குப் பிடிபடாது. பெட்பேன் எடுப்பது, வெந்நீர் வைப்பது, மயக்கம் தெளிகிறவன் மூக்குக் குழாயைப் பிடுங்காமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பதினாறு வருஷமாக இதுதான் என் உத்தியோகம். வீட்டில் குடிக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு, சாயங்காலமானால் வாசல் பக்கம் காதை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், நான் சொல்வதில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். மீதி ஏகாம்பரத்தைப் பற்றியது.

பதினோராம் கட்டில்

காஞ்சிபுரத்தில் தறிக்காரர்களுக்குக் குடல்புண் வருவது மற்ற ஊர்களில் சளி பிடிப்பது மாதிரி. காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தறிக்குழியில் காலை விட்டால், மூன்று மணிக்குத்தான் சோறு. நடுவில் பசித்தால் இன்னொரு டீ. ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்துக்காரர், நாற்பது வயது, பட்டுப்புடவை நெய்பவர். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் வார்டுக்கு வந்தது, மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக்கடைகளைத் திறந்த வருஷம். டாக்டர் வயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்.

மயக்கம் தெளிந்ததும் எல்லோரும் தண்ணீர் கேட்பார்கள். இவர் கையால் தையலைத் தடவி அளந்து பார்த்தார். தறியில் படமரம் என்று ஒன்று உண்டு. நெய்த புடவை சுருளும் கட்டை. குழியில் உட்கார்ந்தால் அது நெய்கிறவன் வயிற்றில்தான் படிந்துகொண்டிருக்கும். அவர் சொன்னது இது: "வெட்டினது வெட்டினாரு, ஒரு விரக்கடை மேல வெட்டியிருக்கக் கூடாதா சார்? படமரம் எங்க இடிக்கும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

நான் படித்துத் தெரிந்துகொண்டது

நான் எட்டாவதோடு நின்றவன். ராத்திரி தூங்கக் கூடாது, பகலில் தூக்கம் வராது. மாற்றலாகிப் போன டாக்டர் ஒருவர் விட்டுப்போன, அட்டை பிய்ந்த சர்ஜரி புத்தகம் ஒன்றை அகராதியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். சில பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். அதில் ஒன்று போட்டிருந்தது: வயிற்றை வெட்டியவன் குடித்தால் சாராயம் வயிற்றில் தங்காது, நேரே குடலில் இறங்கிச் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும்.

அவர் வீட்டுக்குப் போகிற அன்று விடிகாலையில் வெந்நீர் கொடுக்கும்போது ஏகாம்பரத்திடம் இதைச் சொன்னேன். "கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடணும். குடி மட்டும் ஆகாது. இனிமே உனக்கு ஒரு கிளாஸ், மத்தவனுக்கு மூணு கிளாஸ் மாதிரி." பயமுறுத்தத்தான் சொன்னேன். இங்கிலீஷ் புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறோம் என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன். பத்து நாளாக இருண்டிருந்த அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது. அடுத்த கட்டிலில் மாரி என்று ஒருவர், வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்குபவர், அவருக்கும் அதே ஆபரேஷன். மெதுவாக எழுந்து உட்கார்ந்துகொண்டார். "கேட்டுக்கினியா ஏகாம்பரம், வயித்தை வாங்கிக்கினு சும்மா அனுப்பலப்பா, மூணுக்கு ரெண்டு தள்ளுபடி குடுத்திருக்காங்க."

எந்த இடத்தில் வலி

நான் சொன்னது ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டிவிட்டது. வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா போடும் ஆள் ஒருநாள் சாயங்காலம் டூட்டிக்கு வந்த என்னை மறித்து, தனக்கும் வயிற்று வலி, டாக்டரிடம் சொல்லி அந்த ஆபரேஷனுக்குப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றார். ஆள் தேக்கங்கட்டை மாதிரி இருந்தார். எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்டேன். தொப்புளைத் தொட்டார், விலாவைத் தொட்டார், என் முகத்தைப் பார்த்தார். "எந்த எடத்துல வலிச்சா வெட்டுவாங்களோ, அந்த எடத்துலன்னு எழுதிக்க சார்."

ஊட்டிய கை

ஏகாம்பரம் முதல் இரண்டு மாதம் குடிக்கவில்லை, அதற்குக் காரணம் அவர் மனைவி கன்னியம்மா. ஆறு வேளைச் சாப்பாடு என்று டாக்டர் எழுதிவிடலாம். பட்டு நெய்கிறவன் ஆறு தடவை குழியை விட்டு ஏறி, தின்று, கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு மறுபடி இறங்கினால் புடவை எப்போது முடியும்? ஒரு விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பட்டில் கறை ஏறிவிடும். அதனால் அந்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். இட்லியை மோரில் பிசைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு குழி ஓரத்தில் குந்தி, அவர் நாடாக் கட்டையை இழைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வாயில் ஊட்டிவிடுவார். ஒருநாள் காலை டூட்டி முடிந்து போகும் வழியில் நானே பார்த்தேன். அவர் கை நிற்கவில்லை, இவர் கையும் நிற்கவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அன்றைக்கு எனக்குப் பகலில் தூக்கம் வந்தது.

அதைக் கெடுத்தது எதிர்வீட்டுக்காரர் சொன்ன ஒரு சொல். கெட்ட மனிதர் இல்லை, தெருவே கேட்டுச் சிரிக்கட்டும் என்று சொன்னதுதான். மறுநாளிலிருந்து மனைவி கிண்ணத்தோடு வந்தால் ஏகாம்பரம் வாயைத் திறக்கவில்லை. பழையபடி டீ, பழையபடி மூன்று மணி, அப்புறம் பாதி வயிறும் காலியாகக் கிடக்கச் சாயங்காலம் நேராகச் சாராயக்கடை. எதிர்வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "இன்னாபா ஏகாம்பரம், பல்லு மொளைச்சிடுச்சா, இன்னும் இல்லியா?"

ஒரே ஒரு கிளாஸ்

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவரை ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சாக்கடைக் கல்லில் விழுந்து நெற்றி பிளந்திருந்தது. வாந்தி, வேர்வை, கை கால் நடுக்கம். "ஒரு கிளாஸ்தான் சார்," என்று நர்சிடம், என்னிடம், தலைக்குமேல் தொங்கிய பல்பிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. நர்சம்மா சிரித்துவிட்டார்கள். கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் நம்பியவன் நான் ஒருவன்தான். அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான் அல்லவா.

அவர் சொல்வது நிஜம், ஒரு கிளாஸே இப்படிச் செய்யும் என்று கன்னியம்மாவுக்கு விளக்கினேன். சாராயம் திருட்டுத்தனமாக விற்ற காலத்திலிருந்தே புருஷனோடு மல்லுக்கட்டியவர் அவர். என் பக்கம் திரும்பினார். "பதினெட்டு வருஷமா பொய்யா சொன்னாரு, அதெல்லாம் நம்பினேன் அண்ணா. இப்ப நெசம் சொல்றாருன்னு நீங்க சொல்றீங்க, மனசு கேக்க மாட்டேங்குது."

வரிசையில் நான்

இதையும் எழுதிவிடுகிறேன். ராத்திரி முழுக்க முனகல் கேட்டவனுக்குப் பகல் வெளிச்சத்தில் கண்ணை மூடினாலும் காது மூடாது. கடை திறந்த வருஷத்திலிருந்து, டூட்டி முடிந்ததும் இரண்டோ மூன்றோ கிளாஸ் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். மருந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நெற்றித் தையல் பிரித்த வாரத்தில் ஒரு காலை, கடை வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினால் ஏகாம்பரம்.

அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். கையில் அப்போதுதான் வாங்கிய கிளாஸை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது? அவர் கோபமாகவும் பார்க்கவில்லை, கேலியாகவும் பார்க்கவில்லை. உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டார். "முழு வயித்தை வெச்சிக்கினு எவ்ளோ வீணாக்குற சார் நீ, பாவம்."

புத்தகத்தில் இல்லாதது

அடுத்த தடவை அவர் வார்டுக்கு வந்தபோது ரத்தம் கக்கியிருந்தார். பிழைத்துவிட்டார். அன்று சாயங்காலம் நான் வரும் நேரம் பார்த்துக் கன்னியம்மா படிக்கட்டில் காத்திருந்தார். புத்தகத்தில் இருக்கிறதைச் சொல்லித்தானே இப்படி ஆச்சு, இல்லாததையும் ஒன்று சொல்லிப் பாருங்கள் என்றார். ஒரு சொட்டு உள்ளே போனாலும் தையல் விட்டுவிடும் என்று சொல்லச் சொன்னார். உள்தையல் எப்போதோ சதையோடு கூடியிருக்கும், சாராயம் அதை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புத்தகத்தை எடுத்துப்போய், குடலிறக்கத்தைப் பற்றிய ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து வரி வரியாகப் படிக்கிற மாதிரி அந்தப் பொய்யைச் சொன்னேன்.

ஏகாம்பரம் சுலபத்தில் ஏமாறுகிறவர் இல்லை. எந்த நூலில் தைத்தார்கள் என்று கேட்டார். உள்ளே பட்டு நூல் என்றேன், அது மட்டும் உண்மை. அவர் எழுந்து உட்கார்ந்தார். பட்டைச் சோடாவில் கொதிக்கவிட்டுப் பசை எடுப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர். சோடாக் காரம் கொஞ்சம் கூடினாலும் நூல் நைந்துபோவதைத் தன் கையாலேயே பார்த்தவர். நான் சொல்லாததையெல்லாம் அவரே சேர்த்துக்கொண்டார். தையல் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பட்டுக்குக் காரம் ஆவாது சார். சாராயத்துல அவன் இன்னா காரம் போடுறானோ, நூலு விட்டுத்தான் போவும். இத்த மொதல்லயே சொல்ல மாட்டியா?"

தேங்காய் உடைத்த வாரம்

எட்டு மாதம் அவர் தொடவில்லை. கன்னியம்மா தெருக்கதவைச் சாத்திவிட்டு மறுபடி ஊட்டினார். நான்கூட இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தேன். பிறகு சர்க்கார் கடைகளையெல்லாம் மறுபடி மூடினார்கள். அந்த அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒரு மூடியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கடையே இல்லாத ஊரில் இனி என்ன பயம்?

அதே வாரம் ஒரு கல்யாணத்துக்கு வாலாஜாபாத் போன ஏகாம்பரம், பஸ் நிற்கிற இடத்தில் மாரியைப் பார்த்திருக்கிறார். அவர் மேல் சாராய வாடை அடிக்கவே இவர் பதறிப்போய்ப் பட்டு நூல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மாரி சிரித்து, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டியிருக்கிறார். ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒருநாள் தவறாமல் குடித்தவர் அவர். பாலாற்று நாணல் மறைவில் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்தையும் காட்டிக்கொடுத்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ஏகாம்பரம் வார்டு வாசலில் வந்து நின்றார். நாற்றம் எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி நின்றார். "தையல் விடலியே சார்."

எட்டு மாதம்

அதற்கப்புறம் நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. ஆற்றோரச் சாராயத்தில் என்ன போட்டார்களோ, கண் மஞ்சளானது, கால் வீங்கியது. கடைசியாகப் பதினோராம் கட்டிலுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. விடிகிற நேரம், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பிடுங்குவதற்கு அவருக்குக் குழாய்கூட இல்லை. மாரி இன்றைக்கும் மூட்டை தூக்குகிறார். சந்தையில் பார்த்தால் கையை ஆட்டுவார். ஏன் அவர் இருக்கிறார், ஏன் இவர் இல்லை என்பது அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை, தேடிவிட்டேன்.

காரியம் முடிந்த பிறகு கன்னியம்மா ஒரு சாயங்காலம் வார்டு வராண்டாவுக்கு வந்தார். முதலில் உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன், அப்புறம் சொன்ன பொய்யும் நிலைக்கவில்லை, என்னை மன்னித்துவிடம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அந்தக் கையில் ஒன்றும் இல்லை. "இருபது வருஷத்துல எட்டு மாசம் நான் ஊட்டி அவுரு துன்னாரு அண்ணா, அது நீங்க குடுத்தது."

பதினாறு வருஷ உத்தியோகத்தில் நான் என் கையால் செய்த ஒரே வைத்தியம் அந்தப் பொய்தான், அதுவும் வாலாஜாபாத் பஸ் வரும்வரைதான் வேலை செய்தது.