நடேசன் பெஞ்சில் உட்கார்ந்த கதை

நாற்பதில் நாய்க்குணம் என்பார்கள். வடக்குப்பட்டு நடேசனுக்கு வந்ததோ பிள்ளைக்குணம். மண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை அவருக்கு. கம்பெனி பாஸ்கெட்பால் டீமில் அவர்தான் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய் ஆட்டத்தை நடத்துகிற ஆள். ஒரு காலத்தில் புயல்தான். 1991இல் என்ன நிலைமை என்றால், எதிராளி பந்தைப் பிடுங்கிப்போய்க் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பும்போது இவர் பாதி வழியில் எதிரே வந்துகொண்டிருப்பார். கேட்டால் ஷூ சரியில்லை என்பார். புது ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் தரை சரியில்லை.

ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி ஒன்றோடு ஃபைனல் வந்தது, அதுவும் நடேசன் கம்பெனி மைதானத்திலேயே. டீமைக் கவனித்துக்கொள்ளும் ஆபீசர் நரசிம்மன் முதல் நாளே அவரைக் கூப்பிட்டுப் பதமாகச் சொன்னார். தொடக்கத்தில் சின்னப் பையன் சிவசங்கர் ஓடட்டும், முடிகிற நேரத்தில்தான் பதறாத ஆள் வேண்டும், அப்போது நீங்கள் இறங்கினால் போதும் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் பெண்டாட்டி மரகதத்திடமும் மாமன் மச்சான் வகையறாவிடமும், நான்தான் முதலில் இறங்குவேன் என்று இவர் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. அவர்கள் டிராக்டர் பிடித்து வருகிறார்கள். மானம் போகிற காரியம் அல்லவா?

வந்தார்கள். இவர் பெஞ்சில் இருந்தார். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே! என்னைக் கடைசி நேரத்துக்காக ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று மரகதத்துக்குச் சைகையிலேயே சொல்லிப் பார்த்தார். வயிற்றுவலி போலிருக்கிறது என்று அவள் கவலைப்பட்டாள். பெஞ்சு கேன்டீன் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. இவர் மூஞ்சியைப் பார்த்து இரக்கப்பட்ட கேன்டீன்காரர் டீயும் சூடான போண்டாவும் நீட்டினார். துக்கம் தொண்டையை அடைத்தாலும் போண்டா இறங்கியது. மறுபடியும் நீட்டினார், மறுபடியும் இறங்கியது.

கடைசி நிமிஷங்களில் நரசிம்மன் கை காட்ட, ஏப்பம் விட்டுக்கொண்டே இறங்கினார் நடேசன். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தார்கள். பந்து எதிராளி கையில். நேரத்தைக் கடத்தினாலே அவர்களுக்குக் கோப்பை. அந்த நேரம் பார்த்து டீ நேரச் சங்கு ஊதியது.

தினமும் சங்குக்கு அடங்கி அடங்கிப் பழகின உடம்பு, ஆட்டம் என்றால் கேட்குமா? பந்து வைத்திருந்தவன் ஸ்பானரைக் கீழே வைப்பதுபோல் பந்தை மெல்ல வைத்துவிட்டு, கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டு கேன்டீனைப் பார்த்து நடந்தான். மற்றவர்களும் நடந்தார்கள். இரண்டு டீமும் தோளில் கை போடாத குறை. டீயும் போண்டாவும் ஏற்கெனவே உள்ளே போயிருந்ததால் நடேசன் ஒருவருக்குத்தான் எங்கேயும் போகத் தோன்றவில்லை. பந்தை எடுத்தார். தட்டிக்கொண்டே ஆடி அசைந்து போனார்.

போட்டார். விழவில்லை. மறுபடி போட்டார். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அதற்குள் ஒருவன் திரும்பிப் பார்த்து அலற, எல்லோரும் ஓடி வருகிறார்கள். மூன்றாவது தடவை விழுந்தது. ரெஃபரி விசில் ஊதினார், ஆட்டம் முடிந்தது.

இவரைத் தோளில் தூக்கி ஆடினார்கள். உணர்ச்சிவசப்பட்ட நரசிம்மன், அடுத்த மேட்சில் நீங்கள்தான் முதலில் இறங்க வேண்டும் என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. நடேசன் பூரித்துப்போய் மரகதத்திடம் வந்து நின்றார். அவள் முந்தானையால் அவர் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

"உன்ன யாருமே தடுக்கல மாமா," என்றாள் மெதுவாக. "அப்பவும் ரெண்டு வாட்டி வுட்டுட்டியே."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊரே கொண்டாடியதில் யாரும் கவனிக்காததை இவள் ஒருத்தி பார்த்திருக்கிறாள். அவருக்குமே அது தெரியும். குனிந்து புது ஷூவை ஒரு தடவை பார்த்தார். பிறகு நரசிம்மனைத் தேடிக்கொண்டு போனார்.

"சார், சிவசங்கரே மொதல்ல எறங்கட்டும். நான் பெஞ்சுல குந்திகினு இருக்கேன், கடைசியா கூப்டுங்க," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.