ஒன்பதாவது கதிரை

தெருவில் நின்றவர்கள் இவர்கள். வீட்டுக்காரி, கிரேக்கத்து விதவை, கையில் சாவிக்கொத்து. சப்பாத்துத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்த ஆஸ்திரேலியக் கிழவர். துருக்கி அண்ணன் தம்பி இருவர், ஒரே போர்வைக்குள். இரவு வேலை முடித்துப் படுத்திருந்த யூகோஸ்லாவியன், வெறுங்காலோடு. லெபனான்காரன், அரைவாசிச் சவரத்தோடு. மால்ட்டாக்காரன், கோயிலுக்குப் போகும் உடுப்போடு. போன மாதம் வந்த சிலிக்காரன், ஈரத் துவாயால் முகத்தைக் கட்டிக்கொண்டு. பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்துவிட்டது என்று நினைத்தானாம். அவன் ஊரில் அது பழக்கம். கடைசியாக நான். கையில் அகப்பை.

எல்லோரும் இருமினோம்.

மெல்பேர்ண் நகரத்தில் பிட்ஸ்ராய்ப் பகுதி. அறை அறையாக வாடகைக்கு விட்ட வீடு. எழுபதுகளின் நடுப்பகுதி. குளிர்கால ஞாயிறு, காலை நேரம். யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த கறித்தூள் முடிந்துவிட்டது. சீனக் கடையில் செத்தல் மிளகாய் கண்டேன். வாங்கி வந்து பொதுக் குசினியில் வறுத்தேன். ஊரில் எங்கள் வீட்டு வளவில் அடுப்பு மூட்டித்தான் வறுப்பார்கள். அது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"ஒன்பது. எல்லாரும் வெளியில," என்றாள் வீட்டுக்காரி. பிறகு என்னிடம் திரும்பினாள். அந்த வீட்டில் ஊர்தான் பெயர். "சிலோன், என்னத்தை எரிச்சனீ? செருப்பையோ?"

"சாப்பாடு."

"சாப்பாடோ? பேயும் தின்னாது," என்றான் மால்ட்டாக்காரன். "இவன் போகவேணும். இல்லாட்டி நான் போறன்."

பேசியது உடைந்த இங்கிலீஷ். எனக்கு அது தமிழாகத்தான் நினைவில் இருக்கிறது.

அகப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். இந்த அறை கிடைக்க முன் ஏழு கதவு தட்டியிருந்தேன். அறை உண்டு என்று வாசலில் பலகை தொங்கும். என் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்பார்கள். இவள் மட்டும்தான் "வேலை இருக்கோ? குடிக்கிறனியோ?" என்று கேட்டுவிட்டுச் சாவியைத் தந்தாள். இதுவும் போனால் திரும்பவும் கதவு தட்ட வேண்டும்.

கிழவர் மதிலில் குந்தினார்.

"இந்தத் தெருவுக்கு நாத்தம் புதுசில்லை. முதல் நாங்கள், அயர்லாந்துச் சனம். முட்டைக்கோவா அவிக்கிற நாத்தம் எண்டு எங்களைத் திட்டினவங்கள். பிறகு யூதத் தையல்காரர் வந்தினம். மீன் நாத்தம் எண்டு நாங்கள் திட்டினம். பிறகு இத்தாலிக்காரன்ர உள்ளிப்பூடு. பிறகு, மிஸிஸ், உங்கட எண்ணெய்."

வீட்டுக்காரி முறைத்தாள்.

"உங்களுக்கு முதல் ஆர்?" என்று யூகோஸ்லாவியன் கேட்டான்.

அந்த மண்ணின் ஆதிச் சனம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

"ஆனால் ஆளைக் கொல்லப் பாத்தது இவன் ஒருத்தன்தான்," என்று கிழவர் முடித்தார்.

சிரித்தார்கள். மால்ட்டாக்காரன் சிரிக்கவில்லை.

புகை போனதும் உள்ளே போனோம். மேசையைச் சுற்றி ஒன்பது கதிரை. வீட்டுக்காரி என்னுடையதைக் காட்டினாள்.

"தூக்கு, சிலோன்."

தெருவுக்குத்தான் என்று நினைத்தேன். தூக்கினேன். அவள் பின்கதவைத் திறந்தாள். வளவில் உடுப்புத் தோய்க்கும் தகரக் கொட்டில் ஒன்று இருந்தது.

"அறை உனக்குத்தான். சமையலும் சாப்பாடும் இனி இங்கை."

"ஓம்," என்றேன். நன்றியும் சொன்னேன்.

மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கினேன். விருப்பத்துக்கு வறுத்தேன். சிலிக்காரன் ஒருநாள் பாணோடு வந்து குழம்பில் தோய்த்துத் தின்றான். கண்ணீர் வழிந்தது. "பொலிஸ் புகையேதான்," என்றான். பிறகு அவன் சிட்னிக்குப் போய்விட்டான். மால்ட்டாக்காரன் கலியாணம் கட்டிப் போனான். அவர்களுடைய அறைகளுக்கு வியட்நாம்காரர் இருவர் வந்தார்கள். வந்த அன்றே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். என்னை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு வருஷம் கொட்டிலில் சாப்பிட்டேன். கதவைத் திறந்து வைத்தால் குசினி யன்னலும் மேசையும் தெரியும். சாப்பிட்டபடி கதிரைகளை எண்ணுவேன்.

எட்டு.