பூஞ்சணத்துக்குப் பந்தி வைத்த கதை

ஊரார் கழுவித் துடைத்து எறிகிற பூஞ்சணத்தைத் தட்டில் வைத்துத் தாலாட்டுவதுதான் காளான் விதை செய்கிறவர்களின் பிழைப்பு. வெள்ளையாய்ப் படர்ந்தால் சிரித்து, பச்சையாய்ப் பிடித்தால் அழுகிற என் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

திருகோணமலை வெயிலைத் தாங்குகிற சிப்பிக் காளான் இனம் ஒன்று என்னிடம் இருந்தது. போன மாசியில் பிரிட்ஜ் பழுதாகி, ஒரே ஒரு தட்டுத்தான் மிஞ்சியது. கிளிவெட்டியில் எட்டுப் பெண்கள் அறுவடை முடிந்து, காளான் வளர்க்க வைக்கோலைக் கட்டி வைத்துக்கொண்டு என் விதைக்காகக் காத்திருந்தார்கள். அந்தத் தட்டும் போனால் இனமும் போச்சு, கொடுத்த வாக்கும் போச்சு.

நோன்புக் காலத்துக் கடற்பாசி

காளான் நூல் படர்வதற்கு, உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரில் சீனியும் கடற்பாசியும் போட்டுக் காய்ச்சித் தட்டில் உறைய விடவேண்டும். நோன்பு நேரத்தில், இனிப்புக் காய்ச்சுவதற்காகக் கடற்பாசிக்கு ஊரே அடிபடும். சந்தைக் கடை நானா, கடைசி ஐந்து பைக்கற்றையும் எனக்கு எடுத்துத் தந்துவிட்டு, பால்மா, முந்திரி, றோஸ் எசன்ஸ் என்று வரிசையாக அடுக்கினார். அதெல்லாம் வேண்டாம், இது காளானுக்கு என்றேன். மனத்தாங்கலோடு எசன்ஸ் போத்தலைத் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னார்: "அதுவும் உசிருள்ள சாமான்தானே மிஸ், சும்மா கிழங்குத் தண்ணியையோ குடுக்கப் போறீங்க?"

பந்தி

அந்தச் சொல் குத்திவிட்டது. மிஞ்சிய தட்டில் இருந்ததை முழுதாக ஆறு துண்டாக்கி ஆறு புதுத் தட்டுகளில் வைத்தேன். மூன்று தட்டுக்குக் கிழங்கையும் சீனியையும் இரட்டிப்பாக்கினேன். பயம்தான் காரணம், பிள்ளை மெலிந்தால் தாய்க்குத்தானே ஏச்சு. மற்ற மூன்றுக்கும் வழக்கத்தில் பாதி போதும் என்று, கிண்ணியாவிலிருந்து என்னோடு வேலைக்கு வருகிற றிஃபாயா அடம்பிடித்தாள்.

ஒரு கிழமையில் என் விருந்துத் தட்டு இரண்டில் பச்சைப் பூஞ்சணம் வந்து குந்திவிட்டது. மூன்றாவதில் வெள்ளை பஞ்சுபோலத் தடித்து, வைத்த இடத்திலேயே கிடந்தது. றிஃபாயாவின் தட்டுகளிலோ மெல்லிய நூல்கள் தீனி தேடி விளிம்புவரை ஓடியிருந்தன. படித்தவள் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கமாய் இருந்தது. அவள் ஆறுதலாகக் கேட்டாள்: "சாப்பாட்டக் காலடியில வச்சா, ஆரக்கா எழும்பி நடக்கிற?"

துப்புரவு

பச்சை பிடித்த இரண்டையும் அவித்து எறிவதற்காகக் குசினி மேசையில் வைத்தேன். றிஃபாயாவின் தட்டுகளில் இரண்டும் அதே மேசையில்தான் இருந்தன. ஒன்றை மட்டும் இருட்டுக்காக அலுமாரியில், சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் குசினி பளபளக்கிறது. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். லீவு நாளில் கை சும்மா இராது. கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு தட்டுகளைக் கண்டதும், எந்த இரண்டைக் கழுவினீர்கள் என்று கேட்டேன். அவர் பெருமையோடு விளக்கினார்: "வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்ச ரெண்டையும் சவுக்காரம் போட்டுக் கழுவினனான், பச்சையா வளருறதைத் தொடேல்லை, அது உம்மட பயிர்தானே?"

யூரியா

றிஃபாயாவின் தட்டுகளில் அலுமாரியில் இருந்தது மட்டும் தப்பியது, என்னுடையதில் அந்தத் தடித்தது மட்டும் மிச்சம். மறுநாளே கிளிவெட்டிக் குழுவின் தலைவி யோகம் அக்கா நேரில் வந்துவிட்டார். மெல்லியதையும் தடித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், கொழுத்ததிலிருந்துதான் விதை வேண்டும், நோஞ்சானை எட்டுக் குடும்பத்தின் தலையில் கட்டவோ பார்க்கிறீர்கள் என்று முகத்தைத் தூக்கினார். ஊட்டச்சத்தின் அளவு, நூல் படரும் வேகம் என்று அரைமணி நேரம் ஓதினேன். ஒன்றும் ஏறவில்லை.

கடைசியில் றிஃபாயா, யூரியா கூடின வயல் என்னாகும் என்று மட்டும் கேட்டாள். இலைதான் கொழுக்கும், பிறகு சாய்ந்துபோகும் என்ற யோகம் அக்கா, மெல்லிய தட்டை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "இதைச் சொல்லாம ஏன் பிள்ளை இவ்வளவு நேரமும் பிரசங்கம் வைச்சனீங்கள்?"

முதல் மொட்டு

அந்தத் தட்டு நூலை அவித்த சோளத்தில் படரவிட்டு, விதையாக்கி எட்டு வீட்டுக்கும் அனுப்பினேன். அதன் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். நாலாம் கிழமை யோகம் அக்காதான் போன் பண்ணினார். வைக்கோல் பைகளில் மொட்டு வந்துவிட்டதா, அறுத்தார்களா, கறி வைத்தார்களா என்று மூச்சுவிடாமல் கேட்டேன். அவர் சிரித்தார்: "எல்லா வீட்டிலயும் வந்திட்டுது பிள்ளை, ஆனா ஒருத்தியும் பிடுங்க விடுறாளில்லை, சுத்தி இருந்து பாத்துக்கொண்டே இருக்கிறாளவை."

ஆக, காளானுக்கு எவ்வளவு தீனி போடுவது என்பது ஒருவழியாக எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதன்மேல் அன்பு வைத்திருக்கிற மனுசரிடமிருந்து, என்னையும் சேர்த்துத்தான், அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.