பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருந்த ரயில் மியூசியம்

மண்ணெண்ணெய் வாசனை. அதோடு புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசனை...

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டி லைனில் இருக்கும் எங்கள் ஊர் பஞ்சாயத்தின் பழைய ஓட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் முதலில் இதுதான் மூக்கில் ஏறும்.

முன்பு வரி வசூல் ஆபீஸாக இருந்த ஹால் அது. அதில்தான் ரிட்டயர்டு ரயில்வே கார்டு துரைசாமி ஒரு ரயில் மியூசியம் வைத்திருந்தார். கரி இன்ஜின்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்த காலம். ஸ்டேஷன்களில் வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் ரயில்வேக்கு எழுதிப் போட்டு, கேட்டு வாங்கி வைத்திருந்தார். சிவப்பு, பச்சைக் கண்ணாடி போட்ட கை விளக்குகள். அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் மெஷின். வெயிட்டிங் ரூம் கடிகாரம். பிளாட்பாரத்தில் தொங்கிய வெண்கல மணி.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தால் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து, மெஷினில் 'டக்'கென்று குத்த விடுவார். மணியை மட்டும் யாரும் தொடக்கூடாது.

"வண்டி வந்தாத்தான் மணி. சும்மா அடிச்சா ஜனங்களுக்குப் பொய் சொன்ன மாதிரி."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பழைய இரும்புக் கடை. ஒளிக்காமல் சொல்கிறேன்... முதல் தடவை உள்ளே போனபோது என் கண் அந்த மணியை எடைதான் போட்டது. அவரும் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா நைனா, எத்தினி கிலோ தேறும்?"

அப்புறம் அடிக்கடி போனேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவர் கை விளக்கைத் திருப்பித் திருப்பிப் பேசுவதைக் கேட்கப் பிடித்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் வர ஆரம்பித்தன. ஊரில் கூட்டம் ஏறியது. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அந்த இடத்தில் கடைகள் கட்டித் தரச் சொல்லி வியாபாரிகள் மனு கொடுத்தோம். நாலாவது கையெழுத்து என்னுடையது. மூலைக் கடைக்குப் பெயரும் கொடுத்து வைத்திருந்தேன்.

பஞ்சாயத்து ஒத்துக்கொண்டது. ஹாலைக் காலி செய்யச் சொல்லி கார்டு சாருக்கு நோட்டீஸ் போனது. ஒரு மாதம் டைம்.

அந்தச் சாமான்கள் அவருக்குச் சொந்தமில்லை. இன்ன பொதுக் கட்டடத்தில், இன்னார் பொறுப்பில் என்று எழுதி ரயில்வே கொடுத்து வைத்தது. அந்த இடம் போனால் சாமான்கள் ரயில்வே ஸ்டோர்ஸுக்கே திரும்பிவிடும். அங்கே போனால் ஏலம்தான்.

ஸ்கூலில் கேட்டார், இடமில்லை. கோயில் மண்டபத்தில் கேட்டார், எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது என்றார்கள். கடைசியில் என் ஷெட்டுக்கு வந்தார்.

"பாதி ஷெட்டு காலியாத்தானே கெடக்குது. ரெண்டு மாசம் வெச்சுக்க நைனா. வேற எடம் பாத்து எடுத்துக்கினு பூட்றேன்."

"கார்டு சார், ஒவ்வொண்ணுலயும் ரயில்வே முத்திரை குத்திக்கீது. வேற யார் ஊட்ல வேணாலும் வைங்க. பழைய இரும்புக்காரன் ஷெட்டுல வெச்சா, திருட்டு மால்னு ரயில்வே போலீஸ் என்னை வெலங்கு மாட்டி இட்டுக்கினு பூடும்."

"பேப்பர் கீதே எங்கிட்ட."

"அதுல உங்க பேரும் பஞ்சாயத்துக் கட்டடமும்தானே கீது? என் பேரு எங்க கீது?"

பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"முப்பது வருசம் வண்டிக்குக் கொடி காட்னவன் நான். எனக்கே செவப்புக் கொடி காட்டிட்டியேப்பா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

லாரி வந்தது. லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவரே ஏற்றி அனுப்பினார்.

ஏழெட்டு மாதம் கழித்து, வழக்கம்போல ஸ்டோர்ஸ் யார்டு ஏலத்துக்குப் போனேன். ஒரு லாட்டில் அந்த மணி கிடந்தது. கை விளக்குகள், தேதி மெஷின், எல்லாமே.

ஏலத்தில் நானே எடுத்தேன். வியாபாரியாகப் பார்த்தால் நான் கேட்ட விலை ரொம்ப அதிகம். ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இப்போது பில் என் பெயரில் இருக்கும். எந்தப் போலீஸும் கேட்க முடியாது. நேராக ஷெட்டில் அடுக்கிவிட்டு கார்டு சாரைக் கூப்பிட வேண்டியதுதான்.

லோடு எடுக்கப் போனால், யார்டு ஆள் ஒருவன் சம்மட்டியோடு நின்றான். விளக்குகள் ஏற்கெனவே நசுங்கிக் கிடந்தன.

"இன்னாப்பா பண்றே?"

"புது ரூல் சார். முத்திரை போட்ட சாமானை முழுசா வெளிய உடக்கூடாது. ஒடச்சுட்டுதான் லோடு."

"அந்த மணியையாவது உடுப்பா."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ இரும்புக்காரன்தானே? ஒடச்சா எடை கொறஞ்சுடுமா இன்னா?"

வெண்கலம் இரும்பு மாதிரி நெளியாது. இரண்டாவது அடியில் பிளந்தது.

கேள்விப்பட்டு மறுநாள் கார்டு சார் ஷெட்டுக்கு வந்தார். குவியலைப் பார்த்தார். குனிந்து எதையும் எடுக்கவில்லை.

"பில்லு கீதா?"

"கீது சார்."

"இப்ப உம்மேல கேஸ் வராதே?"

"வராது சார்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் என் கடைப்பக்கம் அவர் வரவே இல்லை...

மூலைக் கடை எனக்குக் கிடைத்தது. அதில்தான் நான் மேலே வந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது அந்தக் கடைக் காம்ப்ளெக்ஸையும் இடிக்கப் போகிறார்கள். போன மாதம் எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. வியாபாரிகள் நாற்பது பேர் சேர்ந்து போய் ஆபீஸரைப் பார்த்தோம். உட்கார வைத்துப் பேசினார்கள். ஒரே வாரத்தில் மாற்று இடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பேப்பரில் பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் பதிலாக வேறு இடத்தை எழுதித் தரச் சொல்லி கார்டு சாரும் அந்த ஒரு மாதத்தில் ரயில்வே ஆபீஸுக்கு அலைந்தார். மூன்று தடவை. தனியாக.

ஷெட் தர முடியாது என்று நான் சொன்னது நியாயம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அவரோடு ஒரு நடை நான் போயிருக்கலாம்.