படகு ஜெனரேட்டருக்கு அடித்த சத்தப்பெட்டி

ஊரார் ஜெனரேட்டர் சத்தத்தை அடக்கப் பெட்டி செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். அந்தப் பெட்டிக்காக நாங்கள் தட்டுகிற தட்டு தெருவுக்கே கேட்கும். வீட்டையும் பட்டறையையும் ஒரே சுவரில் வைத்துக்கொண்டு அவதிப்படுகிற தாய்மார்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வண்டியூர் ரோட்டில் இருக்கிற எங்கள் பட்டறைக்குக் கல்யாண மண்டபத்துக்காரர்கள்தான் வருவார்கள். இந்தத் தடவை பாம்பன் பக்கத்திலிருந்து அந்தோணி என்று ஒரு படகுக்காரர் வந்தார். அவருடைய மச்சான் கடலில் தவறி விழுந்து கத்தியிருக்கிறார். படகு ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான், வலைக்கயிற்றைப் பிடித்து அவரே ஏறிவிட்டார். "அடுத்த தடவை கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்க்கா" என்றார் அந்தோணி. மறுக்க மனசு வருமா?

முழம்

அளவை அவர் ஊருக்குப் போய்ப் போனில்தான் சொன்னார். மகன் பஷீர் வெளியே போயிருந்ததால் நான்தான் எடுத்தேன். நீளம் மூணு முழம், அகலம் ஒண்ணரை, உயரம் ரெண்டு. மல்லிகைப்பூவுக்குப் போடுகிற மாதிரி என் கையால் முழம் போட்டு, நூலில் முடிச்சிட்டு மகனிடம் கொடுத்தேன். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனும் தகட்டை வெட்டிவிட்டான்.

லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. பெட்டியை மேலிருந்து கவிழ்த்தால் பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. கூடவே வந்த அந்தோணி ஆறடி மனிதர், தன் கையை நீட்டிக் காட்டினார்: "நான் இந்தக் கை முழத்தைச் சொன்னேன்க்கா, நீங்க பூக்காரம்மா முழத்தைப் போட்டுட்டீக!"

காற்று வழி

மறுபடி வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்து, உள்ளே ஃபோம் ஒட்டினோம். இன்ஜினுக்கு மூச்சு வேண்டாமா? காற்று போக வளைவாக ஒரு வழி விட்டிருந்தான் பஷீர். அது அந்தோணி கண்ணை உறுத்தியது. சத்தம் அதில்தான் வருகிறது, அடை என்று ஒரே பிடிவாதம். பஷீர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, தலைத்துண்டை அவிழ்த்து அந்த வழியில் திணித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திணறித் திணறி நின்றே போனது. நான் பதறி ஓடி வந்தால் மனிதர் முகமெல்லாம் சிரிப்பு: "இம்புட்டு அமைதிதான்க்கா நான் கேட்டேன்!"

முப்பத்து மூன்று

எங்கள் பட்டறையில் சத்தம் அளக்கிற மெஷின் கிடையாது. நான்தான் மெஷின். பெட்டியை மூடி ஜெனரேட்டரை ஓடவிட்டதும், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தொழுகைக்குப் பிறகு ஓதுகிற மாதிரி சுப்ஹானல்லாஹ் ஓதுவேன். மணிமாலையைத் தொடாமல் மனசுக்குள் முப்பத்து மூன்று எண்ணி முடித்தால் பெட்டி பாஸ். இந்தப் பெட்டிக்கு முதல் இரண்டு தடவையும் இருபதுக்குள்ளேயே எண்ணிக்கை தவறியது. மூடித் தகடு அதிருகிறது என்றேன். ரப்பர் வைத்து முடுக்கி முடுக்கிக் களைத்துப்போன பஷீர் கேட்டான்: "கணக்கு விட்டது தகட்டாலயா, அடுப்புல வச்ச குழம்பாலயாம்மா?"

கூப்பிடு தூரம்

மூன்றாவது தடவை முப்பத்து மூன்றும் வந்தது. அப்படியும் அந்தோணி நம்பவில்லை. ஓடுகிற ஜெனரேட்டர் பக்கத்தில் முதுகு காட்டி நின்றுகொண்டு, தெருக்கோடியிலிருந்து என்னைக் கூப்பிடச் சொன்னார். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் உரக்கக் கூப்பிட்டதில்லை. "அண்ணே, சோறு ஆறுது, வாங்க" என்றேன். சட்டென்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது. சாப்பிடக்கூட நிற்காமல் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் போன் வந்தது. மறுபடி என்ன கோளாறோ என்று பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் எடுத்தேன். "பெட்டி அருமைக்கா. ஆனா இப்ப மச்சான் விடுற குறட்டை அம்புட்டும் கேக்குது. அதுக்கு ஒரு பெட்டி அடிச்சுத் தாங்க!"

அந்தக் குறட்டை என்றைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று துஆ செய்துவிட்டு, மச்சானையாவது டேப் பிடித்து அளந்துகொண்டு வரச் சொல்லிவிட்டேன்.