கடைசிப் பால் எங்கே போகிறது

ரெஜிஸ்டர் அக்கா யாரையும் முழுசாக நம்பியதில்லை. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். புருஷனிடம் மணி கேட்டுவிட்டு, அவர் சொன்ன பிறகு தானும் போய்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்ட?" என்பார் அவர். லாரி பழுது பார்க்கும் மெக்கானிக், எதற்கும் பதறாத மனுஷர்.

"நீங்க சரியாச் சொல்றீங்களான்னு பார்க்கத்தான்."

பிறவிக் குணம் என்று தள்ளிவிடவும் முடியாது. பத்தொன்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் உட்கார்ந்திருந்தவள். ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளின் சீட்டு மாறிப்போய், ஒருவருடைய நல்ல காலை அறுக்க இருந்ததை மாடிப்படியில் ஓடிப்போய் நிறுத்தியவள். அன்றிலிருந்து, எழுதி வைக்காத எதையும் நடந்ததாக அவள் ஒத்துக்கொள்வதில்லை.

வேலையை விட்டுவிட்டு மாடு வளர்க்க வந்தபோதும் அந்த அறையைக் கூடவே கொண்டுவந்துவிட்டாள். தொழுவத்தில் ஒன்பது மாடுகள். பெயர் கிடையாது, காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் இருக்கும் நம்பர்தான் பெயர். எதற்கு எப்போது சினை ஊசி போட்டது, எது எப்போது கன்று ஈன்றது, எதற்கு மடிநோய் வந்தது எல்லாம் நீல அட்டை போட்ட நீளமான ரெஜிஸ்டரில் இருந்தது. மருந்து ஏற்றிய மாட்டுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு ஓடும். கோடு முடியும் தேதிவரை அதன் பால் கேனுக்குள் போகாது, சாக்கடைக்குத்தான் போகும். பால் சொசைட்டியில் மற்றவர்கள் கேனையெல்லாம் மூடி திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். இவள் முறை வந்தால், "அக்கா கேனா? அப்படியே ஊத்து" என்பார்கள்.

அப்படிப்பட்ட கேன்தான் சந்தேகத்தில் மாட்டியது.

போன மாதம் சொசைட்டியில் ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். மொத்தப் பாலை எடை போட்டால் போதாது, ஒவ்வொரு மாடும் எவ்வளவு கறக்கிறது என்று தனித்தனியாக எழுதுங்கள் என்றார்கள். அக்காவுக்குக் கசக்குமா? மறுநாளே ஒரு தொங்கு தராசு வாங்கி, தொழுவத்து உத்தரத்தில் கொக்கி அடித்து, ரெஜிஸ்டரும் கையுமாக உள்ளே போய் நின்றுவிட்டாள். அதுவரை கறக்கிற நேரத்தில் அவள் தொழுவத்துக்குள் வந்ததே இல்லை. கறவைக்காரர் தனியாகக் கறந்து, வாளியை வாசலில் கொண்டுவந்து வைப்பார்.

கறவைக்காரர் ஒன்பது வருஷமாக வருகிறவர். ஒல்லி, சொல்லுக்குச் சொல் காசு செலவாவதுபோல அத்தனை அளவாகப் பேசுவார். அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. அவள் தராசோடு நின்ற முதல் நாள் அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாட்டு வயிற்றில் நெற்றியை அண்டக் கொடுத்துக் கறக்க ஆரம்பித்தார்.

இரண்டே வாரத்தில் பாலின் ஃபேட், அதாவது கொழுப்பு, நாலிலிருந்து மூன்றரைக்கு இறங்கியது. அப்புறம் மூன்று புள்ளி இரண்டு. மாட்டுக்கு மாடு பாலும் அரை லிட்டர் குறைந்தது. தீவனம் அதேதான், தண்ணீர் அதேதான். ரெஜிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சொசைட்டியில் பாலைச் சோதிக்கும் டெஸ்டர், மிஷின் துப்பிய சீட்டை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "தண்ணி இல்லக்கா. தண்ணி ஊத்தினா பாலோட அடர்த்தி காட்டற டிகிரியும் சேர்ந்து இறங்கும். உங்க டிகிரி அப்படியே நிக்குது. கொழுப்பு மட்டும் போகுது."

"எப்படிப் போகும்?"

"யாராவது எடுத்தாப் போகும். முதல்ல கறக்கிற பால் வெறும் தண்ணி மாதிரி. கடைசியா ஒட்டக் கறக்கிறதுதான் கெட்டி, வெண்ணெய் எல்லாம் அதுலதான். அந்தக் கடைசிப் பால் எங்க போகுதுன்னு பாருங்க."

அவர் போகிற போக்கில் சொன்னார். அவளுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரமே கடிதமும் வந்தது. பத்து நாளில் தரம் சரியாகாவிட்டால் பால் எடுக்கப்படாது. அந்த வட்டாரத்தில் வேறு சொசைட்டி கிடையாது. பால் எடுக்காவிட்டால் ஒன்பது மாட்டையும் விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ரெஜிஸ்டருக்குள் வைத்தாள். அன்று மாலையே கடைசியில் ஒரு புதுக் கட்டம் போட்டாள். தலைப்பு: சந்தேகம்.

"யார் மேல?" என்று மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"தொழுவத்துக்குள்ள போறது யாரு? நீங்களா?"

"அந்த மனுஷனையா? பேசவே கூச்சப்படறவரும்மா அவர். திருடணும்னா ஒரு துணிச்சல் வேணாம்?"

"பேசாத ஆளைத்தான் கவனிக்கணும்."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவே கூடாது. நேரா போலீஸ் ஸ்டேஷன்ல சேர்த்திருக்கணும் உன்னை."

அந்தப் பத்தில் முதல் மூன்று நாள் இரண்டு முழ தூரத்தில் நின்று பார்த்தாள். அவர் விரலைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், வாளிக்குப் பின்னால் வேறு பாத்திரம் இருக்கிறதா என்று பார்த்தாள். 'இன்று இரண்டு தடவை வாசலைப் பார்த்தார்' என்று எழுதினாள். 'மூக்கைத் தேய்த்தார். காரணம் தெரியவில்லை.' அவர் கை கழுவப் போன நேரத்தில் அவருடைய டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தாள். சோறும் துவையலும் இருந்தன. துவையலையும் முகர்ந்து பார்த்தாள். ஃபேட் மூன்று புள்ளி இரண்டைத் தாண்டவில்லை.

நாலாம் நாள் அவளுக்குப் பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருக்க, மெக்கானிக்தான் பாலைக் கொண்டுபோய் ஊற்றினார். சீட்டில் நாலு என்று இருந்தது.

"பார்த்தியா, சரியாப்போச்சு!" என்றார்.

வீங்கிய கன்னத்தோடு அவள் சிரித்தாள். "நான் இல்லாத அன்னைக்கு நல்ல பிள்ளை வேஷம். அப்பதானே உங்களை மாதிரி ஆளு ஏமாறுவீங்க?"

ஐந்தாம் நாள் மறுபடி உள்ளே நின்றாள். மூன்று புள்ளி மூன்று. வேஷம் கலைந்தது என்று எழுதினாள்.

ஆறாம் நாள் வேறு திட்டம். "எனக்கு இன்னும் பல் வலி, நீங்களே கறந்து வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, தொழுவத்தின் பின்சுவரில் காதை வைத்து நின்றாள். விடிந்தும் விடியாத வெளிச்சம். முதலில் வாளியில் பால் விழும் சத்தம். அப்புறம், மெதுவாக, ஒரு விசில்.

பாட்டு என்று சொல்ல முடியாது. ஒரே மாதிரி நீண்டு, இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடியும் நீளும் விசில். அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சைகை! வெளியே ஒருத்தன் நிற்கிறான், இவர் கூப்பிடுகிறார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். சந்து முடியும் இடத்தில் எதிர்வீட்டுப் பெண் ஈரப் போர்வையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, யாரை அடிக்கப் போறீங்க?"

"இந்தப் பக்கம் யாராவது ஓடினாங்களா?"

"நீங்கதான்."

அன்றைய சீட்டில் நாலு புள்ளி ஒன்று.

ஏழாம் நாள் உள்ளே நின்றாள். விசில் இல்லை. மாடுகள் காதை ஆட்டின, காலை மாற்றிப் போட்டன. நாலாம் நம்பர் திரும்பித் திரும்பி அவளையே பார்த்தது. கறந்து முடித்து அவர் எழுந்து போன பிறகும் அவள் போகவில்லை. எதையாவது ஒளித்து வைத்திருந்தால் எடுக்க வருவாரே. வழக்கம்போலக் கன்றுகளை அவிழ்த்து விட்டிருந்தார். நாலாம் நம்பரின் கன்று தாயின் மடியை நாலு தடவை முட்டியது. அப்புறம் நின்றபடியே விழுங்க ஆரம்பித்தது. விழுங்கிக்கொண்டே இருந்தது. கறந்து ஒட்டிய மடியில் இவ்வளவு நேரம் குடிக்க என்ன இருக்கிறது? கிட்டே போய்க் கன்றின் வாயைத் திருப்பினாள். உதட்டோரம் கெட்டியாக மஞ்சள் நுரை. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வெண்ணெய்போல வழுக்கியது.

கடைசிப் பாலை யாரும் எடுக்கவில்லை. அது மாட்டுக்குள்ளேயே நின்றிருந்தது.

தீவன மூட்டை மேல் உட்கார்ந்து ரெஜிஸ்டரைத் திறந்தாள். அவள் நின்ற நாள் எல்லாம் மூன்று சொச்சம். நிற்காத இரண்டு நாளும் நாலு. இறக்கம் ஆரம்பித்த தேதி, உத்தரத்தில் கொக்கி அடித்ததற்கு மறுநாள். எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. மறுத்துப் பேச வழியில்லை.

கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போனாள். "அண்ணே, நீங்க விசில் அடிப்பீங்களா?"

அவர் திருடி அகப்பட்டவர் மாதிரி விழித்தார். "யாரு சொன்னது?"

"நான் கேட்டேன், சுவத்துக்குப் பின்னால நின்னு."

"அது... மாட்டுக்குப் பழக்கம் ஆயிருச்சுக்கா. அடிச்சாத்தான் மடியைத் தளர விடும். இல்லன்னா பாலை அடக்கிக்கும்."

"அப்ப நான் நிக்கறப்ப ஏன் அடிக்கல?"

"நல்லாருக்கே! ஒரு பொம்பளை நிக்கற இடத்துல விசில் அடிக்கறதா? பார்த்தவங்க என்ன சொல்லுவாங்க?"

"அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"வெளியே போங்கன்னு உங்க தொழுவத்துலேருந்து உங்களையே சொல்லவா?" துண்டால் கையைத் துடைத்தார். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? டிபன் டப்பா மூடியையே திருப்பி மூடி வெச்சிருந்தீங்க. பார்த்துட்டுப் பேசாமத்தான் இருந்தேன்."

அவளுக்குக் காது சுட்டது.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் அவள் தொழுவத்தின் பக்கமே போகவில்லை. சமையலறையில் நின்று, சுத்தமாக இருந்த பாத்திரங்களையே மறுபடி தேய்த்தாள். ஃபேட் நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி இரண்டு. அதோடு தீர்ந்தது என்று நினைத்தாள். ஆனால் ஒன்பதாம் நாள் டெஸ்டர் சீட்டைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேல சொல்லியிருக்கேன்க்கா. நாளைக்குத் தர அதிகாரி உங்க வீட்டுக்கே வர்றாங்க. மூணு ரெண்டு ஒரே நாள்ல நாலு ஒண்ணு ஆகுமா? எண்ணெய் கலந்தாத்தான் அப்படி ஏறும்."

"இறங்கினாலும் சந்தேகம், ஏறினாலும் சந்தேகமா?"

"நீங்க என் இடத்துல இருந்தா விட்டுடுவீங்களா?"

விட்டிருக்க மாட்டாள். அதனால் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பத்தாம் நாள் வந்த அதிகாரி சின்னப் பெண். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு பெட்டி, அதில் சிறிய மிஷின். நேரே தொழுவத்துக்குள் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கறக்கச் சொல்லுங்க. பார்க்கறேன்."

கறவைக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஒரு பெண் நின்றபோதே வராத விசில் இரண்டு பேர் முன்னால் எங்கே வரும்? உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம்," என்றாள் அக்கா, "நாம எல்லாரும் வெளியே நிக்கலாம். அவர் தனியாக் கறந்தாத்தான் பால் முழுசா வரும்."

"தனியாவா? பால்ல என்ன கலந்தாலும் தனியாத்தான் கலப்பாங்க. அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்?"

அக்கா ரெஜிஸ்டரை நீட்டினாள். அதிகாரி பக்கம் புரட்டினாள். சந்தேகக் கட்டத்தில் நின்று, "மூக்கைத் தேய்த்தார்" என்று வாய்விட்டுப் படித்தாள். கறவைக்காரர் தலையைத் திருப்பவில்லை. மெக்கானிக் மட்டும் மெல்ல இருமினார்.

"நீங்களே நம்பாத ஆளை நான் எப்படி நம்பறது?"

"நான் தப்பா எழுதிட்டேன்," என்றாள் அக்கா. அந்த வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் சொல்வது அதுதான் முதல் தடவை. "நம்பர் எல்லாம் சரி. அந்தக் கட்டம் மட்டும் தப்பு. நான் நின்ன நாளையும் நிக்காத நாளையும் பாருங்க, போதும்."

அதிகாரி பார்த்தாள். விரல் வைத்து இரண்டு தடவை ஒத்துப் பார்த்தாள். கடைசியில், "சரி. ஆனா என் முறைப்படி" என்றாள். வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். தண்ணீர்க் குழாயை வெளியே அடைக்கச் சொன்னாள். பிறகு மெக்கானிக்கிடம், "அவர் சட்டையைச் சோதிங்க."

"நானா?" மெக்கானிக் நெளிந்தார். கறவைக்காரர் தானே எழுந்து நின்று கையைத் தூக்கினார். சட்டைப் பையில் ஒரு சீப்பும் பாதி மாத்திரை அட்டையும் இருந்தன. அவர் அக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டாள். மூன்று பேரும் வெளியே நின்றார்கள். பத்து நிமிஷம் பால் விழும் மெல்லிய சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அக்கா கதவில் காதை வைத்தாள். அப்புறம் விசில் வந்தது. முதலில் காற்றாக, அப்புறம் குரலாக. உள்ளே ஒரு மாடு நீளமாகப் பெருமூச்சு விட்டது. வாளியில் விழும் சத்தம் கனத்தது.

எல்லாப் பாலையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கி, அதிகாரி தன் கையாலேயே எடுத்து மிஷினில் விட்டாள். நாலு புள்ளி இரண்டு. எண்ணெய்ச் சோதனையிலும் ஒன்றுமில்லை.

"உங்க பாலை எடுத்துக்கலாம். கடிதத்தை ரத்து பண்ணச் சொல்றேன்," என்றாள். பெட்டியை மூடிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "இருந்தாலும் அந்த ஆள் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

"வேண்டாம் மேடம். ஒன்பது வருஷமா வர்றவர்."

"விடுங்கக்கா," என்று பின்னாலிருந்து கறவைக்காரர் சொன்னார். "அந்தப் பொண்ணு ஒரு தடவைதான் சோதனை போட்டுச்சு. நீங்க எத்தனை நாளாப் போட்டீங்க?"

அதிகாரி போய்விட்டாள். அவர் சைக்கிளை எடுத்தார். அக்கா கேட்வரை கூடவே நடந்தாள்.

"அண்ணே, நாளைக்கு வருவீங்கல்ல?"

"வராம? மடி கட்டிக்குமே. மாடு என்ன பாவம் பண்ணுச்சு?" பெடலில் காலை வைத்தார். "வேற ஆளைத் தேடுங்க. கிடைக்கறவரைக்கும் வர்றேன். கிடைச்சா பத்து நாள் கூட இருந்து பழக்கிவிடறேன்."

"தப்பு என்னோடதுண்ணே. எழுதின பக்கத்தைக் கிழிச்சுடறேன்."

"எதுக்கு? அதுலதான் பால் நம்பரும் இருக்கு." அவர் ஏறி உட்கார்ந்தார். "கேனை அனுப்புங்க, வெயில் ஏறுது. பால் திரிஞ்சா அதுக்கும் என்னைத்தான் பார்ப்பீங்க."

சொல்லிவிட்டுப் போனார். சிரித்தாரா, கடிந்தாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சைக்கிள் திருப்பத்தில் மறைந்தது. அக்கா உள்ளே திரும்பி, மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகக் கேனை வண்டியில் ஏற்றினார்கள்.