தெரசம்மாள் பால் கொடுத்த பிள்ளைகள்

மலைமேல் மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில் எங்கள் காப்பி எஸ்டேட். அங்கே வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்கு நான்தான் ஆயா. காலை பத்து மணிக்குச் சங்கு ஊதினால் கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்க ஓடி வருவார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பவள் தெரசம்மாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். "எங்க என்ற ராசாக்கமாருங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். பெற்றது ஒன்றோ இரண்டோ, கேட்பது கொட்டகைப் பிள்ளைகள் அத்தனை பேரையும்.

அவளிடம் பாலுக்குப் பஞ்சமே இல்லை. தாய் வர நேரமாகிற பிள்ளை அழுதால் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள். எழுபத்தெட்டில் என் மகள் கண்ணம்மாள் பிறந்ததும் எனக்கு டைபாய்டு வந்து பால் வற்றிவிட்டது. ஏழு மாதம் அவளுக்குப் பால் கொடுத்தது தெரசம்மாள்தான். என் மாமியார் முகம் சுளித்தபோது, "ஏனுங்க ஆத்தா, பாலுக்குச் சாதியும் வேதமும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

தெரசம்மாளுக்குப் பவுடர் கேங்கில் வேலை. காப்பிச் செடியின் தண்டைப் புழு துளைத்துவிட்டால் செடி போச்சு. அதற்காக பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சாக்குத் துணியில் தோய்த்து, தண்டில் தேய்ப்பார்கள். முழங்கை வரை வெள்ளை பூசியிருக்கும். கையுறையை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அதற்குப் பதில் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுத்தார்கள். வெல்லம் தின்றால் மருந்து உடம்பில் தங்காதாம். யார் கண்டுபிடித்த வைத்தியமோ, அவன் நாசமாய்ப் போக! தெரசம்மாள் அதையும் தின்னமாட்டாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, அந்தக் கையாலேயே உடைத்துப் பிள்ளைகள் வாயில் போடுவாள். கொட்டகையே திருவிழாவாகிவிடும். வெளியே பலாப்பழ வாசம், உள்ளே அவள் சேலையில் பவுடரின் மக்கிய வாடை. பொய் சொல்வானேன், இன்றைக்கும் அந்த வாடையை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான் வருகிறது.

எண்பத்து மூன்றில் அவளுக்கு மூன்றாவதாக மரியஅந்தோணி பிறந்தான். அவன் இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, தாய்மார்களிடம் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் பரிசோதனைக்கென்று பால் வாங்கிப் போனார். "என்னோடதை நெறைய எடுத்துக்குங்க, நொம்ப இருக்குது" என்று தெரசம்மாள் பெருமையோடு கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா திரும்பி வந்து எங்களை உட்காரவைத்துச் சொன்னார். பவுடர் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போய், உடம்பின் கொழுப்பில் படிந்து, வருடக்கணக்கில் தங்குமாம். பால் சுரக்கும்போது அதில் கலந்து பிள்ளைக்கும் போகுமாம். தெரசம்மாளின் பாலில்தான் அது அதிகம். "அதுக்காகப் பால் கொடுக்கிறதை நிறுத்திடாதீங்க, தாய்ப்பாலுக்கு ஈடே கிடையாது. பவுடர் வேலையைத்தான் விடணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

என் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். ஏழு மாதம் குடித்தாளே என் மகள்! தெரசம்மாள் என் முகத்தையே பார்த்தாள். நான் திரும்பிக்கொண்டேன். எட்டு நாள் அவளோடு பேசவில்லை. பெற்ற மனம் பித்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் செய்தது செய்ததுதான்.

அந்த எட்டு நாளும் அவள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. ஒன்பதாம் நாள் அவள் பக்கத்து வீட்டு செல்வமேரி ஓடி வந்தாள். "தெரசக்கா பால் குடுக்கறதே இல்லீங்க. டப்பாப் பாலும் கஞ்சித் தண்ணியுந்தான் ஊத்துது. புள்ளைக்கு வயித்தால போய்க் கண்ணு உள்ள போயிருச்சுங்க."

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. கண்ணம்மாளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். தெரசம்மாள் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கொதித்தது. மரியஅந்தோணி அழக்கூடத் தெம்பில்லாமல் மடியில் கிடந்தான்.

"என்னக்கா இது அநியாயம்? டாக்டரம்மா நிறுத்தச் சொல்லலீங்களே!"

"நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டியே கண்ணு. உன்ற புள்ளைக்கு வெசத்தக் குடுத்துப்போட்டேன். இப்பத் தெரிஞ்சுக்கிட்டே இவனுக்கு எப்பிடிக் குடுப்பேன்?"

ஐந்து வயதுக் கண்ணம்மாள் அவள் தோளில் போய்ச் சாய்ந்துகொண்டு, "பெரியம்மா, பாப்பா ஏன் அழுவ மாட்டீங்குது?" என்று கேட்டாள்.

"இவளப் பாருங்கக்கா. நீங்க குடுக்கலீன்னா அன்னைக்கே இவளக் குழியில வெச்சிருப்பேன். இப்ப இவன வெக்கப் போறீங்களா?" என்றேன்.

கண்ணம்மாளின் கன்னத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு துணியை அவிழ்த்துக் குழந்தையை மார்பில் வைத்தாள். அவன் வாய் பிடித்தபோது வலியில் பல்லைக் கடித்தாள். நான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டியால் இடையிடையே ஊற்றினேன். மறுநாள் மத்தியானம் பையன் வீறிட்டு அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அதன்பிறகு அவள் பவுடர் வாளியைத் தொடவில்லை. வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டரோடு சண்டை பிடித்துக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள். ஆனால் வருடம் தவறாமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்பாள். கண்ணம்மாள் வயதுக்கு வந்தபோது கேட்டாள், பத்தாவது பாஸ் செய்தபோதும் கேட்டாள். தொண்ணூற்று நாலில் கல்லீரல் கெட்டு, தன் கடைசி நாட்களில் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பவுடர்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அன்றைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அதையேதான் கேட்டாள்.

"கண்ணம்மாளுக்கு ஒடம்புல ஒண்ணுமில்லியே கண்ணு?"

"நல்லா இருக்கறாளுங்கக்கா."

அந்த எட்டு நாளுக்கு என்னை மன்னிச்சிருங்க என்று அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.